கார் தொந்தரவு இல்லாமல் டச்சு ஆற்றங்கரைகளில் ரோட் பைக்: ஹௌடாவிலிருந்து ஒரு முழுச் சுற்று

லெக் ஆற்றங்கரைக்கு முதன்முறை ரோட் பைக், அதாவது ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள், எடுத்துக்கொண்டு போனபோது என் திட்டம் ஒன்றே ஒன்றுதான்: கரைமேல் ஏறு, இறங்காமல் ஓட்டு. வரைபடத்தில் அவ்வளவு அழகாக வளைந்து வளைந்து போகிறதே, வேறென்ன வேண்டும்? ஜூன் மாத ஞாயிறு, நல்ல வெயில். அரை மணி நேரத்தில் மோட்டார் பைக்குகள் ஐந்தும் பத்துமாகச் சேர்ந்து காதைக் கிழித்துக்கொண்டு போக ஆரம்பித்தன, அவர்களுக்கும் இதே வளைவுகள்தான் பிடித்திருக்கின்றன. நடுநடுவே கார்கள் வேறு. வெறுத்துப்போய் கரையை விட்டு உள்ளே இறங்கும் ஒரு சின்னப் பாதையில் திருப்பினேன். இருநூறு மீட்டர் போயிருப்பேன், சத்தமே இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் மாடுகள், எதிரே ஒரு தாத்தாவும் பாட்டியும் எலக்ட்ரிக் சைக்கிளில்.

அதனால் இந்த வழிகாட்டியை ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். போஸ்ட்கார்டில் வரும் கரைச் சாலை பல இடங்களில் கார் ஓடும் சாலைதான், நிம்மதியாக ஓட்ட வேண்டுமானால் உள்ளே இறங்க வேண்டும். எங்கே இறங்குவது, எங்கே மறுபடி ஏறுவது, எந்தப் படகைப் பிடிப்பது, காற்று எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் கார் இல்லாத சுற்று அமையும்.

முதலில் நிலத்தைப் படியுங்கள்

போல்டர் என்றால் சுற்றிலும் கரை கட்டி, உள்ளே சேரும் தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் நிலம். நெதர்லாந்தின் பரப்பில் 26 சதவீதம் கடல் மட்டத்துக்குக் கீழே. ஹௌடாவுக்கு மேற்கே நியூவர்கெர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் அது 6.76 மீட்டர் ஆழம் வரை போகிறது, நாட்டின் மிகத் தாழ்ந்த இடம் அதுதான். ஹௌடா என்பது நாம் கௌடா என்று சொல்லும் அதே சீஸ் ஊர், டச்சுக்காரர்கள் முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து எடுப்பார்கள்.

இங்கே மண் பெரும்பாலும் பீட், அதாவது செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த சதுப்பு மண். தண்ணீரை வடித்தால் மேல் பகுதி காய்ந்து, காற்றுபட்டு மக்கி, நிலம் இறங்குகிறது. இறங்கினால் மறுபடி ஈரம் ஏறும், மறுபடி வடிக்க வேண்டும், இன்னும் இறங்கும். பல நூறு வருடங்களாக இதே கதை. அதனால்தான் கரைமேல் நின்றால் ஆறு ஒரு பக்கம் உயரத்தில் ஓட, மறுபக்கம் வீட்டுக் கூரைகள் கால் மட்டத்தில் தெரிகின்றன.

காவிரிக்கரை ஊர்க்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே வெள்ளத்துக்கென்று விட்டுவைத்த நிலத்தை நாம் படுகை என்கிறோம், இங்கே அதை அவுட்டர்வார்டன் என்கிறார்கள். மதகு, வடிகால், வாய்க்கால் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு பெயர் உண்டு. ஒரே வித்தியாசம், நம் ஊரில் தண்ணீர் வந்தால் போதும் என்று மதகைத் திறப்போம், இவர்கள் போனால் போதும் என்று இறைக்கிறார்கள்.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வயல்கள் எல்லாம் ஒல்லியான நீளப் பட்டைகளாக இருக்கும். 11-ஆம் நூற்றாண்டு முதல் இந்தச் சதுப்பை வெட்டித் திருத்தியபோது குடியேறியவர்களுக்கு ஒரே அளவில் நிலம் பிரித்துக் கொடுத்தார்கள், ஏறக்குறைய 1250 மீட்டர் நீளம், 110 மீட்டர் சொச்சம் அகலம். வீடுகள் எல்லாம் பட்டைகளின் ஒரு முனையில் வரிசையாக நிற்கும். சைக்கிளோட்டிக்கு இது ஏன் முக்கியம் என்றால், வீட்டு வரிசைக்குப் பின்னால், வயல்களுக்கு நடுவே, கரைக்கு இணையாக இன்னொரு பழைய வழி ஓடும். அதற்கு டீன்ட்வெஹ் என்று பெயர். டிராக்டர் தவிர வேறு வண்டி அபூர்வம். ஆற்றோரம் நிறைய ஊர்களில் இந்தப் பெயர் பலகையில் இருக்கும், பார்த்தவுடன் திருப்பிவிடுங்கள். கல்லும் மண்ணுமாக இருக்கும் துண்டுகளும் உண்டு, பறவைகள் முட்டையிடும் பருவத்தில், மார்ச் நடுவிலிருந்து ஜூன் வரை, மூடிவைக்கும் துண்டுகளும் உண்டு. பலகை போட்டிருந்தால் மதித்துத் திரும்புங்கள்.

ஆக, மூன்று அடுக்கு. கரைமேல் காட்சி இருக்கும், கூடவே வண்டியும் காற்றும் இருக்கும். ஊர்த்தெருவில் மரமும் வீடும் காற்றை மறைக்கும், வண்டி கொஞ்சம் வரும். வயல்வழியில் வண்டியே இல்லை, ஆனால் காற்றுக்கு மறைவும் இல்லை. நாளுக்குத் தகுந்தபடி இவற்றை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டியதுதான்.

எண்களைக் கோத்து வழி அமைப்பது

டச்சு ஊர்ப்பெயர்களை உச்சரித்து வழி கேட்டுப் பிழைப்பது கஷ்டம், அதனால் கடவுள் புண்ணியத்தில் எண் முறை இருக்கிறது. சந்திப்புக்குச் சந்திப்பு ஒரு எண், க்னோப்புண்ட் என்பார்கள், வெள்ளையும் பச்சையுமான பலகை. 34-இலிருந்து 57, அங்கிருந்து 12 என்று ஒரு வரிசையை எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். 1995-இல் பெல்ஜிய லிம்பர்க்கில் ஹியூகோ பொல்லன் என்ற சுரங்கப் பொறியாளர் தொடங்கிவைத்தது. இப்போது நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது.

இதில் இரண்டு விஷயம். ஒன்று, எண்கள் 99-உடன் முடிந்து மறுபடி ஆரம்பிக்கும், அதனால் ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு 34 இருக்கும். வெறும் எண்ணை நம்பாமல் ஊர்ப்பெயரையும் கூடவே எழுதுங்கள். இரண்டு, இந்த எண் வழிகள் குடும்பத்தோடு மெதுவாகப் போகிறவர்களுக்காக அமைத்தவை, ரோட் பைக்கின் ஒல்லி டயரைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. திடீரென்று சிப்பித் தூள் போட்ட பாதைக்குள் கொண்டுபோய் விடும். ஃபீட்ஸ்க்னோப் செயலியில் எண்களைக் கோத்து, அந்த வழியை கொமூட் மாதிரி தரைவகை காட்டும் ஒன்றில் ஏற்றி, தார் இல்லாத துண்டுகளை வீட்டிலேயே மாற்றிவிடுவதுதான் என் பழக்கம். பத்து நிமிட வேலை.

அப்புறம், கரை வேலைகள். 1995 தொடக்கத்தில் ஆறுகள் பெருகி, கரை தாங்குமா என்ற பயத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். அதிலிருந்து கரைகளைப் பலப்படுத்தும் வேலை இன்றுவரை ஓயவில்லை. லெக் ஆற்றின் வடகரையில் அமெரோங்கனிலிருந்து ஸ்கோன்ஹோவன் வரை சுமார் 55 கிலோமீட்டருக்கு ஒரு பெரிய திட்டம் துண்டு துண்டாக நடக்கிறது. ஓம்லைடிங் என்று மஞ்சள் பலகை பார்த்தால் மாற்றுவழி என்று பொருள். சைக்கிளுக்குத் தனி மாற்றுவழி போட்டிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள். தடுப்பைத் தாண்டிக் குதித்து இரண்டு கிலோமீட்டர் போய், நடுவில் பெரிய பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

காற்றுதான் இங்கே மலை

ஏற்றமே இல்லாத நாட்டில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை தென்மேற்குக் காற்றில் திறந்த போல்டரைக் கடந்து பார்க்கட்டும். வருடத்தின் பெரும்பகுதி காற்று அந்தத் திசையிலிருந்துதான். கடலோர அணை ஒன்றின்மேல், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில், எதிர்காற்றில் 8.5 கிலோமீட்டர் மிதிக்கும் தேசியப் போட்டியே நடத்துகிறார்கள், அதுவும் புயல் வீசும் நாளாகப் பார்த்து. இவர்களோடு காற்றைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது.

செய்ய வேண்டியது: முந்தின இரவு காற்றின் திசையைப் பாருங்கள். கால் புதிதாக இருக்கும் முதல் பாதியிலோ, மரமும் வீடும் இருக்கும் துண்டிலோ எதிர்காற்றை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி 20 கிலோமீட்டர் பின்காற்றாக இருக்க வேண்டும். நான் ஒருமுறை பின்காற்றில் கிழக்கே பறந்து போய், ஆகா என்ன வேகம் என்று என்னையே மெச்சிக்கொண்டு, திரும்பும்போது மணிக்கு 16 கிலோமீட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஊர்ந்து வந்தேன். மழைக்கு பாய்யன்ராடார் செயலி. அடுத்த இரண்டு மணி நேர மழையை ஐந்து ஐந்து நிமிடமாகக் காட்டும், பாலத்தடியில் கால் மணி நேரம் ஒதுங்கினால் போதுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சைக்கிள், ரயில்

டயர் 28 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். ஊர்களுக்குள் க்லிங்கர் என்ற செங்கல் தளம் வரும், 23-இல் ஓட்டினால் பல் ஆடும். இலையுதிர் காலத்தில் சோளம் அறுத்த டிராக்டர்கள் களிமண்ணைத் தார்மேல் அப்பிவிட்டுப் போகும், ஈரத்தில் அது வெண்ணெய். மட்கார்டு போடுவது இங்கே வெட்கமான விஷயம் அல்ல. மணி கட்டாயம். இருட்டினால் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு. 2019 ஜூலை முதல் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்தாலே அபராதம், ஹேண்டில்பாரில் பொருத்திவிடுங்கள்.

ஸ்டேஷனில் வாடகைக்குக் கிடைக்கும் நீல மஞ்சள் ஓவி சைக்கிள் ஊர் சுற்ற அருமை, 75 கிலோமீட்டருக்கு வேண்டாம். சொந்த சைக்கிளை ரயிலில் ஏற்ற தனி நாள் டிக்கெட் உண்டு. வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் ஏற்ற முடியாது. சைக்கிள் படம் போட்ட கதவைத் தேடி ஏறுங்கள். ரோட்டர்டாம், உட்ரெக்ட், டென் ஹாக் (தி ஹேக்) மூன்றிலிருந்தும் ஹௌடா ஏறக்குறைய 20 நிமிடம்தான்.

பாதையில் பழக வேண்டியவை

வட்டமான நீலப் பலகையில் சைக்கிள் படம் இருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும், ரோட் பைக்காக இருந்தாலும் பக்கத்துச் சாலையில் ஏறக்கூடாது. சின்னச் செவ்வகப் பலகையில் ஃபீட்ஸ்பாட் என்று எழுதியிருந்தால் போகலாம், போகாமலும் இருக்கலாம். தரையில் வெள்ளை முக்கோணங்கள், சுறாப்பல் என்றே சொல்வார்கள், அவற்றின் முனை உங்களைப் பார்த்தால் நீங்கள் வழிவிட வேண்டும். எதுவுமே இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. 2001 முதல் இது சைக்கிளுக்கும் பொருந்தும், போல்டரின் வெறிச்சோடிய சந்திப்புகளில் பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

உண்மையான ஆபத்து காரிடமிருந்து வருவதில்லை, பாதை நடுவில் நட்டு வைத்த குட்டைக் கம்பத்திடமிருந்து வருகிறது. கார் நுழையாமல் இருக்க நட்டது. நான்கைந்து பேர் ஒட்டி ஒட்டிப் போகும்போது முன்னால் போகிறவர் சொல்லாவிட்டால் பின்னால் வருபவருக்குத் தெரியவே தெரியாது. டச்சுக் குழுக்களில் முதல் ஆள் ‘பால்ட்யே!’ என்று கத்துவார், எதிரே ஆள் வந்தால் ‘தேஹன்!’ என்பார். நீங்கள் தமிழில் ‘கம்பம்!’ என்று கத்தினாலும் சரி, கத்துங்கள்.

பெரியவர்களை முந்தும்போது தூரத்திலேயே ஒரு மணி, பக்கத்தில் வந்து ஒரு ஹோய். பத்தடியில் வந்து மணியடித்தால் பயந்து உங்கள் பக்கமே திரும்புவார்கள்.

சுற்று: ஹௌடா, ஸ்கோன்ஹோவன், கிண்டர்டைக், ஹௌடா

மொத்தம் சுமார் 75 கிலோமீட்டர், இரண்டு படகு. தென்மேற்குக் காற்று நாளுக்காகக் கோத்தது. கிழக்குக் காற்றாக இருந்தால் அப்படியே தலைகீழாக ஓட்டுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஊரைக் கடந்து ஹாலண்ட்ஸ ஐஸல் ஆற்றைத் தாண்டி ஹாஸ்ட்ரெக்ட் வரை ஐந்து கிலோமீட்டர், உடம்பு சூடாக. ஆறு என்று பெயர்தான், பார்க்க அகலமான வாய்க்கால். ஆனால் இதன் கரையை லேசாக எண்ண வேண்டாம். 1953 பிப்ரவரி 1 விடியற்காலை, பெருவெள்ளத்தில் இதே ஆற்றின் கரை நியூவர்கெர்க் பக்கம் உடைந்தபோது, ஆரி ஏவக்ரூன் என்ற படகுக்காரர் தன் கப்பலையே உடைப்புக்குள் செலுத்தி அடைத்தார். பின்னால் இருந்த தாழ்நிலம் முழுவதும் தப்பியது. அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். இந்தச் சுற்றில் அது வராது, இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்ட்ரெக்டில் தெற்கே திரும்பினால் ஃப்லிஸ்ட் என்ற குட்டி ஆறு. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பன்னிரண்டு கிலோமீட்டர் இதுதான். தலை மொட்டையடித்த வில்லோ மரங்கள் வரிசையாக, அல்லி மிதக்கும் தண்ணீர், சில பண்ணைவீடுகளுக்கு ஓலைக் கூரை. இரு கரையிலும் வழி உண்டு, குறுகலான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அதிலும் வேகம் வேண்டாம்.

ஸ்கோன்ஹோவன் வெள்ளிப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். காபி குடிக்க வேண்டுமானால் இங்கேயே. ஊருக்கு வெளியே பொன்ட் என்ற படகு. கார்களோடு நீங்களும் ஏறி நிற்க வேண்டியதுதான், கட்டணம் ஒன்றிரண்டு யூரோவுக்குள், அட்டையில் தட்டினால் போதும். அக்கரையில் நியூபோர்ட், நட்சத்திர வடிவக் கோட்டை ஊர். நகர மண்டபத்தையே மதகின்மேல் கட்டியிருக்கிறார்கள், எதிரி வந்தால் மதகைத் திறந்து சுற்றுப்புறத்தை மூழ்கடிப்பதுதான் பாதுகாப்பு. ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

இங்கிருந்து மேற்கே க்ரோட் அமர்ஸ். நேரம் இல்லை, கால் வலிக்கிறது என்றால் இந்த ஊரின் படகைப் பிடித்து பெர்கம்பாக்ட் வழியாக ஹௌடாவுக்குத் திரும்பலாம், சுற்று சுமார் 40 கிலோமீட்டரில் முடியும். தொடர்வதானால் தெற்கே போல்டரைக் கடக்கிற ஐந்து கிலோமீட்டர், இதுதான் அன்றைய நாளின் மலை. ஒரு மரம் இல்லை, காற்று நேராக முகத்தில். பேசாமல் கியரைக் குறைத்து, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். தலை நிமிர்ந்தால் நாரைகள் தெரியும், 1969 முதல் க்ரோட் அமர்ஸில் அவற்றை வளர்த்துப் பெருக்கினார்கள். வசந்தத்தில் வயல்களில் நம் ஆள்காட்டியின் உறவுக்காரன் ஒன்று தலைக்குமேல் குட்டிக்கரணம் போடும், இங்கே அதற்கு கீவிட். கூடவே கருவால் மூக்கனும் இருக்கும்.

அப்புறம் க்ராஃப்ஸ்ட்ரோம் என்ற ஓடை. மோலனார்ஸ்க்ராஃப், ப்லெஸ்கன்ஸ்க்ராஃப், அவுட் அல்ப்லாஸ் என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஊர்கள். எதிர்காற்றுதான், ஆனால் வீடும் மரமும் மறைக்கும். அதற்காகத்தான் கரையை விட்டு இந்த வழியை எடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டிப் பாலம், புல்வெளியில் சுருக்கம் இருக்காது. வாசலில் முட்டை, தேன், உருளைக்கிழங்கு வைத்து, காசு போட டப்பா.

அவுட் அல்ப்லாஸ் தாண்டி வடக்கே திரும்பினால் பின்பக்கமாக கிண்டர்டைக்குக்குள் நுழையலாம். 19 காற்றாலைகள், பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை, 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில். ஒரு பக்கம் செங்கல்லில் உருண்டையாக, எதிர்ப்பக்கம் ஓலை வேய்ந்து எட்டுப்பட்டையாக. நடுவில் போகும் பாதைக்கு டிக்கெட் இல்லை, ஆலைக்குள் போய்ப் பார்க்கத்தான். காலை பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் செல்ஃபிக் குச்சியோடு பாதையை நிறைத்துவிடும், அந்த இரண்டு கிலோமீட்டரை நடக்கும் வேகத்தில் போங்கள். 1421 வெள்ளத்தில் தொட்டில் ஒன்று குழந்தையோடு மிதந்து வந்ததாம், கவிழாமல் ஒரு பூனை இங்கும் அங்கும் தாவிச் சமன்செய்ததாம். கிண்டர்டைக் என்றால் குழந்தைக் கரை, ஊர்ப்பெயருக்கு அந்தக் கதை சொல்வார்கள்.

அங்கிருந்து இரண்டாவது படகு, க்ரிம்பன் ஆன் டெ லெக். இனி காற்று முதுகில். லெக்கர்கெர்க் வழியாக பெர்கம்பாக்ட் வரை கரைமேல் ஏறிக்கொள்ளுங்கள், ஒருமுறையாவது அந்தக் காட்சி வேண்டும், சரக்குப் படகுகளை நீங்கள் முந்துவீர்கள். வெயில் அடிக்கும் ஞாயிறு மதியம் என்றால் மட்டும் உள்ளே டீன்ட்வெஹ். பெர்கம்பாக்டில் வடக்கே திரும்பி ஸ்டோல்வைக் வழியாக ஹௌடா.

சாப்பாடு, ஞாயிறு

லெக்கின் வடக்கே க்ரிம்பனர்வார்ட், தெற்கே அல்ப்லாசர்வார்ட், சுற்று போகும் இந்த இரண்டு பகுதிகளும் ஆழ்ந்த சீர்திருத்தச் சபை ஊர்கள். ஞாயிறு கடைகள் பெரும்பாலும் அடைப்பு, சாலையோரத்தில் கருப்புக் கோட்டுடன் குடும்பமாகச் சர்ச்சுக்குப் போவார்கள், அவர்களைக் கடக்கும்போது கொஞ்சம் அடங்கிப் போவது மரியாதை. படகு நேரமும் ஞாயிறு வேறு, முதல் நாளே பாருங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர், பையில் வாழைப்பழம். என்னைக் கேட்டால் சனிக்கிழமை காலை போங்கள். பண்ணைகளில் ருஸ்ட்புண்ட் பலகை இருந்தால் காபி, தேநீர் நீங்களே போட்டுக் குடித்துக் காசு வைக்கலாம், கழிப்பறையும் உண்டு.

சைவக்காரர்கள் க்ரோக்கெட் என்ற பொரித்த பண்டத்தை நம்ப வேண்டாம், உள்ளே இறைச்சிதான். சீஸ் வைத்துப் பொரித்த காஸ்ஸூஃப்லே அல்லது சீஸ் டோஸ்டி கேளுங்கள். பண்ணைச் சீஸில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பது வழக்கம், அதில் கண்டிப்பு உள்ளவர்கள் கேட்டு வாங்குங்கள். ஆப்பிள் கேக் மட்டும் எங்கேயும் கைவிடாது.

வார நாளில் போய் நாலேகாலுக்கு ஹௌடா வந்து சேர்ந்தால் சைக்கிளோடு ரயில் ஏற முடியாது. ஆறரை வரை சந்தைச் சதுக்கத்தில் உட்கார்ந்து, நடுவே பாகு வைத்த மெல்லிய வாஃபல், ஸ்ட்ரோப்வாஃபல், சுடச்சுட ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள், அது இந்த ஊரில் பிறந்த பண்டம்.